வந்தாரை வாழவைத்த கரை

சென்ற தவணையின் இறுதி வாரத்தில் ஒருநாள், பத்தாம் வகுப்பு மாணவருக்கு ஐரோப்பிய மறுமலர்ச்சியைப் பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்தோம். புளோரன்ஸ் நகரின் வணிகக் குடும்பங்களையும், அவர்கள் கலைகளை வளர்த்த வகையையும் விரித்துரைத்துக் கரும்பலகையில் ஆண்டுகளை எழுதி முடித்த வேளையில், பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

"சேர், எங்கட முல்லைத்தீவுக்கும் இப்பிடி ஒரு சரித்திரம் இருக்கோ?"

வினா நன்று. ஆனால் நாம் விடை கூறு முன்னரே முன்வரிசையில் இருந்த இன்னொருவன் திரும்பிப் பார்த்து, "உனக்கேன் அது? நீங்கள் வந்தான் வரத்தான்தானே!" என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. கேட்டவன் தலைகுனிந்து அமர்ந்துவிட்டான்.

சிரித்தவர்களைக் கண்டித்தோம். அது எளிது. கேட்ட வினாவுக்கு விடை கூறுவதே எளிதாக இருக்கவில்லை. புளோரன்ஸ் நகரத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேச முடிந்த எமக்கு, நாம் நாள்தோறும் கடந்து செல்லும் கடற்கரையில் முதற்குடிகள் ஏன் வந்து தங்கினர் என்பதைப் பத்து நிமிடம் பேச இயலவில்லை. "அடுத்த தவணையிற் சொல்வோம்" என்று கூறி மணியோசையின் துணையோடு தப்பிக்கொண்டோம். அந்தப் பிள்ளையின் பாட்டனார் 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர் மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து வன்னிக்கு வந்தவர் என்பதை நாம் அறிவோம். ஆகவே அவன் கேட்டது ஊரின் வரலாற்றை மட்டுமன்று; அந்த வரலாற்றில் தனக்கும் ஓரிடம் உண்டா என்பதையும் சேர்த்தே கேட்டான் என்பது வீடு திரும்பும் வழியில்தான் எமக்கு உறைத்தது.

விடுமுறை நாட்களில் பழைய நூல்கள் சிலவற்றைப் புரட்டினோம். ஊரையும் கால்நடையாகச் சுற்றிவந்தோம். அவற்றால் அறிந்தவற்றை அன்பர்களுக்கும் மாணவர்க்கும் இவ்வாரம் கூற முற்படுகின்றோம்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். ஒரு சிற்றூர் தோன்றிய காரணத்தை அரசர்களிடம் தேடுவதிலும் அதன் மண்ணிலும் நீரிலும் தேடுவது நலம். முல்லைத்தீவு நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவு அன்று. கிழக்கே வங்கக்கடல், மேற்கே நந்திக்கடல் என்னும் களப்பு, இரண்டுக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணல்நிலம். பேராறும் வேறு சிற்றாறுகளும் களப்பிலே கலக்க, மாரி வெள்ளம் பெருகி வட்டுவாகலின் வழியே கடலைத் தேடும் நாட்களில், கரையில் நிற்பவருக்கு ஊர் தீவாகவே தோன்றும். ஊரின் பெயரில் உள்ள தீவு இதனால் வந்தது என்று கொள்வதிற் பிழையில்லை.

அப்பெயரில் இன்னொரு புதுமையும் உண்டு. கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்றும், காடும் காடு சார்ந்த இடமும் முல்லை என்றும் மாணவர் படித்திருப்பர். நெய்தல் நிலத்து ஊரொன்று முல்லையின் பெயரைத் தாங்கி நிற்பது ஏன்? காலையிற் கடற்கரையிலிருந்து நடக்கத் தொடங்கும் ஒருவர், களப்பைச் சுற்றி முள்ளியவளையின் வயல்களை அடைந்து, தண்ணீரூற்றைக் கடந்து, ஒட்டுசுட்டான் வழியில் அடர்ந்த காட்டுக்குள் மாலைக்கு முன் புகுந்துவிடலாம். நெய்தலும் மருதமும் முல்லையும் ஒருநாள் நடைக்குள் அடங்கிய நாடு இது. மீனவனுக்கு நெல்லும், உழவனுக்கு மீனும், இருவருக்கும் தேனும் மரமும் கிடைத்தன. இத்தகைய இடத்தில் மக்கள் குடியேறாதிருந்தால் அன்றோ வியப்பு!

குடியேற்றத்துக்கு இன்றியமையாதது நன்னீர். ஒருபுறம் உப்புக்கடல், மறுபுறம் உவர்க்களப்பு. நடுவிலே குடிநீர் எங்ஙனம் வந்தது? மாரிக்காலத்தில் மணலிலே இறங்கும் மழைநீர் உப்புநீரிலும் பாரங் குறைந்தது. ஆதலால் அது கீழேயுள்ள உப்புநீரின் மேல் மிதந்து ஒரு படையாகத் தங்கிவிடுகின்றது. மணற்பாங்கான இடத்தில் ஆழமற்ற கிணறு தோண்டினால் இனிய நீர் சுரக்கும். ஆசைப்பட்டு மிகையாக இறைத்தால் கீழிருந்து உவர் ஏறிவிடும். இயந்திரம் கொண்டு இறைக்கும் இக்காலத்தார் இவ்வுண்மையை மறந்துவிடலாகாது. மணற்கிணற்றை அளவறிந்து பயன்படுத்தியவர்களாலேயே இக்கரை ஊராயிற்று.

தொழிலிலும் அவ்வாறே ஒரு நுட்பம் உண்டு. வாடைக்காற்றும் மாரியும் சேரும் ஐப்பசி முதல் தை வரை இக்கடல் சினங்கொண்டிருக்கும். அக்காலத்தில் வள்ளம் இறக்குவது அரிது. ஆனால் அதே மாரியில் களப்பு நிறைந்து இறாலும் மீனும் பெருகும். சோளகம் வீசும் மாதங்களில் கிழக்குக்கடல் தணிய, கரைவலை இழுக்கும் காலம் வந்துவிடும். ஒன்று கைவிடும்போது மற்றொன்று தாங்கும். இரண்டு நீர்களுக்கிடையே வாழ்வதன் இடரை அறிந்தும் மக்கள் இவ்விடத்தை விட்டு நீங்காமைக்கு இதுவே காரணம்.

இனி, இம்மூன்று நிலத்தாரும் எவ்வாறு ஒரு சமூகமாயினர் என்பதற்கு எழுத்திலே உள்ள சான்றுகளிலும் ஒரு பொங்கல் விழா எமக்குச் சிறந்த சான்றாகத் தோன்றுகின்றது. நந்திக்கடலின் மேற்குக் கரையிலுள்ள வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலை அறியாதார் ஈழத்தில் இல்லை. மதுரையை எரித்த சினம் ஆறாத கண்ணகி ஒரு மூதாட்டி வடிவில் இக்களப்பின் கரைக்கு வந்தாள் என்பது ஐதிகம். அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்கள் அவளுக்குப் புக்கை பொங்கிக் கொடுத்தனர். பொழுது பட்டது, விளக்கேற்ற எண்ணெய் இல்லை. "கடல்நீரை வார்த்துத் திரியை இடுங்கள்" என்றாள் மூதாட்டி. விளக்கு எரிந்தது. பின்னர் அவள் தலையைப் பார்த்த சிறுவர்கள் அங்கே எண்ணிறந்த கண்களைக் கண்டு திகைத்து நிற்க, அவள் மறைந்துபோனாள்.

இன்றும் வைகாசிப் பொங்கலை முன்னிட்டு, பாக்குத்தெண்டல் என்னும் சடங்கின் பின்னர், முல்லைத்தீவுக் கடலிலே தீர்த்தம் எடுக்கப்படுகின்றது. அது முள்ளியவளைக் காட்டா விநாயகர் ஆலயத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே அந்த உப்புநீரிலே விளக்கேற்றி வைத்துப் போற்றப்பட்டு, அதன் பின்னரே வற்றாப்பளைக்குப் போகின்றது. அடியவர் இதனை அற்புதம் என்று கைகூப்புவர். வரலாற்று மாணவரும் கைகூப்பலாம். கூப்பிய பின் ஒன்றைச் சிந்திக்கலாம். நீர் கடற்கரையாருடையது, அதனைக் காக்கும் ஊர் வயற்காரருடையது, முதற்புக்கை பொங்கியவர் இடைச்சிறுவர். மூன்று நிலத்தாரில் ஒருவர் இல்லையேல் விளக்கு எரியாது. யார் முதலில் வந்தவர் என்று ஒருவரோடொருவர் வழக்காடாமல், ஒவ்வொருவருக்கும் ஒரு பணியை ஒப்படைத்த பழைய உடன்படிக்கையாகவே இவ்விழாவை நாம் காண்கின்றோம். அம்மனுங்கூட இக்கதையில் வந்து சேர்ந்தவள்தானே!

ஆட்சியின் வரலாற்றுக்கு வருவோம். யாழ்ப்பாண வைபவமாலையும் வையாபாடலும் வன்னியர் தமிழகத்திலிருந்து வந்து இந்நாட்டிற் குடியமர்ந்த வரலாற்றைக் கூறுகின்றன. அவற்றிற் புனைவும் உண்டு, வரலாறும் உண்டு. எனினும் இரண்டு நூல்களும் ஒருசேரச் சொல்வது இங்கே ஆண்டவர்களும் வந்தவர்களே என்பதாகும். பனங்காமம், முள்ளியவளை, கருநாவற்பற்று, கரிக்கட்டுமூலை, மேல்பற்று, தென்னமரவடி முதலாய பிரிவுகளை வன்னியத் தலைவர்கள் ஆண்டனர். எவருக்கும் எளிதில் அடங்காமையால் இந்நிலத்துக்கு அடங்காப்பற்று என்னும் பெயர் வழங்கிற்று.

1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கையில் வீழ்ந்தது. 1658இல் ஒல்லாந்தர் அவர்களை அகற்றினர். இருசாராரும் வன்னியரிடம் எதிர்பார்த்த திறை பொன்னன்று, யானை. வன்னிக் காட்டிற் பிடிக்கப்பட்ட யானைகள் யாழ்ப்பாணத்துக்கு நடத்திச் செல்லப்பட்டு, இந்திய வணிகருக்கு விற்கப்பட்டுக் கடல் கடந்தன. திறை நிலுவையில் நிற்பதும், அதன் பொருட்டுப் பூசல் மூள்வதும் ஒல்லாந்தர் ஆட்சி முழுவதும் தொடர்ந்த கதை. கரையிலே காவல் இல்லாமற் காட்டை அடக்க முடியாது என்று கண்ட ஒல்லாந்தர், 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முல்லைத்தீவிலே முதலில் மரவேலி அரணும், பின்னர் மண்ணாலான நாற்சதுரக் கோட்டையும் அமைத்தனர். 1780களில் வன்னியரை ஒடுக்கியபின் லெப்டினன்ட் நாகல் என்பவரை வன்னியின் அதிகாரியாக்கினர். அவர் 1793இல் எழுதிவைத்த வன்னி பற்றிய குறிப்பு இன்றும் ஆய்வாளருக்குப் பயன்படுகின்றது.

1795 ஒக்டோபரில் ஆங்கிலேயர் முல்லைத்தீவைக் கைப்பற்றினர். எட்டாண்டுகள் கழிந்தன. 1803இல் கண்டி மீது படையெடுத்த ஆங்கிலேயர் அவ்வாண்டு யூனில் பெருந்தோல்வி அடைந்தனர். தீவு எங்கணும் அவர்களுக்கு எதிரான கிளர்ச்சி பரவியது. அந்த வேளையை நோக்கியிருந்த பண்டாரவன்னியன் 1803 ஓகஸ்ட் 25ஆம் நாள் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கினான். அங்கிருந்த படையினர் கோட்டையைக் கைவிட்டுக் கடல் வழியே யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தனர். ஆனால் வெற்றி நீடிக்கவில்லை. அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் வொன் டிறிபேர்க் என்னும் தளபதியின் படை பண்டாரவன்னியனைத் தோற்கடித்தது.

கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் ஒரு நினைவுக்கல் நாட்டினர். இவ்விடத்துக்கு அருகே இன்ன தளபதி பண்டாரவன்னியனை இன்ன நாளில் தோற்கடித்தான் என்னும் செய்தியை ஆங்கிலத்திற் பொறித்தனர். தம் வெற்றியை நிலைநிறுத்த அவர்கள் வைத்த கல், தோற்றவன் பெயரையே தலைமுறை தலைமுறையாகச் சுமந்து நின்றது. பிற்காலத்தில் முள்ளியவளையைச் சேர்ந்த முல்லைமணி வே. சுப்பிரமணியம் அவ்வீரனை நாடகமாக்கினார், தமிழகத்தில் மு. கருணாநிதியும் அவனைக் குறித்துப் புதினம் எழுதினார். இன்று வன்னியின் பிள்ளைகள் பலர் டிறிபேர்க்கை அறியார், பண்டாரவன்னியனை அறிவர். வவுனியா நகரிலே அவனுக்குச் சிலையும் உண்டு.

வீரக்கதையோடு வரலாற்றை முடித்துக்கொள்வது எம் போன்ற ஆசிரியர்களின் பழைய குறை. போர் ஓய்ந்த பின்னர் மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதும் வரலாறே. 19ஆம் நூற்றாண்டில் வன்னியை வாட்டியவை முறைக்காய்ச்சலும் பறங்கிப்புண்ணும் ஆகும். குளங்கள் உடைந்து தூர்ந்தன. பல ஊர்கள் ஆளற்றுப்போயின. 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றி ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில அதிகாரி வெளியிட்ட பெருநூல் அக்கால வாழ்வை அறிய இன்றியமையாதது. காட்டு மரங்களாகிய பாலையும் முதிரையும் கருங்காலியும், தேனும் மெழுகும் வெளியுலகு காணக் கடலே அக்காலத்திற் சிறந்த வழியாக இருந்தது.

பின்பு இருப்புப்பாதை வந்தது. 1905இல் வடபகுதிப் புகைவண்டிப் பாதை நிறைவுற்றபோது, அது வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி வழியே சென்றது. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு ஏறக்குறைய 50 கிலோமீற்றர் கிழக்கே கிடந்தது. கடல் வழியே உலகை நோக்கியிருந்த ஊர், பாதையின் கோடியில் உள்ள ஊராயிற்று. எந்தப் படையும் வராமலே ஓர் ஊரின் நிலை மாறும் வகையை மாணவர் இங்கே கண்டுகொள்ளலாம்.

ஆயினும் வருவோர் ஓயவில்லை. வடமராட்சியிலிருந்து பருவந்தோறும் வந்து வாடியமைத்து மீன்பிடித்தவர்களிற் சிலர் நிலையாகத் தங்கினர். கத்தோலிக்கர் கடற்கரையிலே இராயப்பருக்குக் கோயில் எழுப்பினர். முஸ்லிம் குடும்பங்கள் வணிகத்திலும் வேளாண்மையிலும் தலைமுறைகளாக இங்கே வேரூன்றின. 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் எல்லோரோடும் அவர்களும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர் என்பதை நாம் மறைத்துப் பேசுவது முறையன்று. அவர்களிற் பலர் போர் முடிந்தபின் மீண்டும் வந்துள்ளனர். 1977இன் பின்னர் மலைநாட்டு மக்கள் வந்து காடு வெட்டிக் கழனி திருத்தினர். "வந்தாரை வாழவைக்கும் வன்னி" என்னும் வழக்கு வெறும் உபசார மொழியன்று. இந்நிலத்தின் வரலாற்றுச் சுருக்கம் அது. 1978இல் முல்லைத்தீவு தனி மாவட்டமாயிற்று.

அதன் பின்னர் நிகழ்ந்தவற்றை இளையோருக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் கடல் ஊருக்குள் வந்தது. கரையோரத்து வீடுகளும் இராயப்பர் கோயிலும் அழிந்தன, உயிரிழந்தோர் ஆயிரக்கணக்கினர். ஐந்தாண்டுகள் செல்லுமுன், 2009 மே மாதத்தில், நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட முள்ளிவாய்க்கால் மணலிலே போர் முடிந்தது. அன்று அந்த ஒடுங்கிய நிலத்தில் இருந்தவர்கள் எம் மாணவரின் பெற்றோர். நாமும் நம்மிற் சிலரை அங்கே விட்டு வந்தோம். உலகத்தார் இன்று முல்லைத்தீவு என்ற பெயரைக் கேட்டவுடன் அந்த ஆண்டையே நினைக்கின்றனர். அது மறக்கத்தக்கதன்று, மறக்கவும் மாட்டோம். எனினும் ஓர் ஊர் அழிந்த நாளை மட்டும் அறிந்த பிள்ளை, அந்த ஊர் எத்துணை நூற்றாண்டு வாழ்ந்தது என்பதை அறியாது போகுமாயின், அழிவுக்கு இரண்டாம் முறையும் இடங்கொடுத்தவர் ஆவோம். செட்டிகுளத்து முகாம்களிலிருந்து 2010க்குப் பின் திரும்பிய மக்கள் செய்த முதற்காரியங்களுள் ஒன்று, தூர்ந்த கிணறுகளை இறைத்துச் சுத்தமாக்கியதுதான். முதற்குடிகள் செய்ததும் அதுவன்றோ?

புதிய தவணை தொடங்கியதும் இவற்றையெல்லாம் வகுப்பிற் கூறினோம். கூறி முடித்து, "உங்கள் குடும்பத்தில் இக்கரைக்கு முதலில் வந்தவர் யார்? எங்கிருந்து, ஏன் வந்தார்? வீட்டிலுள்ள முதியவரைக் கேட்டு ஒரு பக்கம் எழுதி வாருங்கள்" என்று பணித்தோம்.

அடுத்த கிழமை முப்பத்திரண்டு ஏடுகள் எம் மேசைக்கு வந்தன. அன்று எள்ளிச் சிரித்த மாணவன் எழுதியிருந்தான்: அவனுடைய பூட்டனார் வடமராட்சியிலிருந்து சோளகக் காலத் தொழிலுக்கு வந்தவர், ஒரு பருவம் முடிந்து எல்லோரும் திரும்பியபோது காய்ச்சலிற் கிடந்தமையால் அவரால் திரும்ப இயலவில்லை, முள்ளியவளைக் குடும்பமொன்று கஞ்சி கொடுத்துக் காப்பாற்றிற்று, பின்னர் அவர் திரும்பவேயில்லை. ஏட்டைக் கொடுக்கும்போது அவன் எம் முகத்தைப் பார்க்கவில்லை. பின்வாங்கு மாணவனின் ஏட்டில் நான்கு வரிகளே இருந்தன. தாத்தா 1977இல் வந்தார். கையிற் கொண்டுவந்தது ஒரு மண்வெட்டியும் கவ்வாத்துக் கத்தியும். முதலிற் செய்தது கிணறு வெட்டியது. பதினான்கு அடியில் நல்ல தண்ணீர்.

அவ்விரு ஏடுகளையும் வகுப்பில் அடுத்தடுத்து வாசிக்கச் செய்தோம். இம்முறை எவரும் சிரிக்கவில்லை. முன்வரிசை மாணவன் மட்டும் எழுந்து, "சேர், அந்தக் கிணறு இப்பவும் இருக்கோ?" என்றான். "இருக்கு, வந்து பாரன்" என்று பின்வாங்கிலிருந்து விடை வந்தது.

பெற்றோர்க்கு எமது வேண்டுகோள் ஒன்று. இன்று ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் வீட்டில் இருப்பர். முற்றத்திலோ திண்ணையிலோ முதியவர் ஒருவர் இருப்பாராயின், அவருக்கருகே பிள்ளையை ஓர் ஏட்டோடும் எழுதுகோலோடும் இருத்துங்கள். எம் ஊரின் பழைய ஆவணங்கள் பல வெள்ளத்திலும் நெருப்பிலும் போய்விட்டன. எஞ்சியவை சிலருடைய நினைவிலேதான் இருக்கின்றன. அவர்களுக்கோ வயது ஏறிக்கொண்டிருக்கின்றது.